சிரட்டைக் கரியும் உயிர்ப்பூட்டிய கரியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வீட்டில் சேரும் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கினால் தண்ணீர் வடிகட்டுவதற்கு அதுவே போதாதா? (வெள்ளவத்தை)

பதில்: போதாது. காற்றுப் புகாமல் மூடிச் சுடும்போது தாரும் வாயுக்களும் வெளியேறி, சிரட்டையின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு கரியாக எஞ்சினாலும், நீரின் மாசைப் பற்றிக்கொள்ளவேண்டிய அதன் நுண்துளைகளிற் பெரும்பாலானவை தார் எச்சத்தால் அடைபட்டே கிடக்கும். அந்தக் கரியை 800 முதல் 1000 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் கொதிநீராவிக்கு உட்படுத்தினால், நீராவியானது காபனோடு தாக்கமுற்று காபனோரொட்சைட்டையும் ஐதரசனையும் தந்து, கரியை உள்ளிருந்து அரித்தபடியே துளைகளைத் திறந்துவிடும். இதுவே உயிர்ப்பூட்டல். கரியை இழந்துதான் துளையைப் பெறுகிறோம். விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நன்கு உயிர்ப்பூட்டிய ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1000 சதுர மீற்றர் அளவுக்கு வரும். கொழும்புக் கணக்கிற் சொன்னால், ஏறத்தாழ 40 பேர்ச் காணி ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடுகிறது.

கேள்வி: உமி, மரத்தூள் ஆகியவற்றிலும் செய்யலாமா? (வத்தளை)

பதில்: செய்யலாம். மரத்தூளைப் பொசுபோரிக் அமிலத்தில் ஊறவைத்து 400 முதல் 600 பாகை வரை சூடாக்கினால் சற்று அகன்ற துளைகள் கிடைக்கும். நிறம் நீக்குவதற்கு அவை ஏற்றவை. உமியில் சிலிக்கா மிகுதி என்பதால் சாம்பலும் மிகுதி. அதனைக் காரத்தால் கழுவி நீக்கவேண்டும். சிரட்டையோ கடினமானது, சாம்பல் குறைந்தது, 2 நனோமீற்றருக்கும் குறைந்த துளைகள் நிறைந்தது. இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் உயிர்ப்பூட்டிய கரிக்குச் சிரட்டையே மூலப்பொருளாக அமைந்ததில் வியப்பில்லை.

கேள்வி: தொடர்மாடியின் மேல்தளத்தில் தகரப் பீப்பாய் வைத்துச் செய்துபார்க்கலாமா? (தெகிவளை)

பதில்: வேண்டாம். அப்போது வெளிவரும் காபனோரொட்சைட்டு உயிரைப் பறிக்கும் நச்சு வாயு; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கேள்வி: அனுராதபுரத்தில் உள்ள உறவினரின் கிணற்றுநீரில் புளோரைட்டு அதிகம். கரி வடிகட்டி உதவுமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: பெரிதும் உதவாது. புளோரைட்டு, நைத்திரேற்று, நீரின் வன்மை ஆகியவற்றைச் சாதாரண உயிர்ப்பூட்டிய கரி போதியளவு பற்றிக்கொள்வதில்லை. அங்கே நீரை நுண்ணிய சவ்வொன்றினூடாக அழுத்திச் செலுத்தும் பின்னோக்கு சவ்வூடுபரவல் (RO) முறையே தக்கது. எலும்புக் கரி புளோரைட்டை நீக்குவது உண்மைதான், ஆனால் அவ்வேலையைச் செய்வது அதிலுள்ள கல்சியம் பொசுபேற்றுக் கனிமமே தவிரக் காபன் அன்று. கொழும்புக் குழாய்நீரின் குளோரின் வாடையைப் போக்குவதிலோ கரிக்கு நிகரில்லை. எனினும் குளோரின் நீங்கிய பின் கரிப்படுக்கையிலேயே பற்றீரியாக்கள் பெருகக்கூடுமாதலால், வடிகட்டியின் உட்குழாயை உரிய காலத்தில் மாற்றாமல் விடுவது நன்றன்று.

கேள்வி: வாங்கும் கரி தரமானதா என்று எதைக் கேட்டு அறிவது? (வெள்ளவத்தை)

பதில்: அயடீன் எண்ணைக் கேளுங்கள். ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயடீனைப் பற்றிக்கொள்கிறது என்பதே அது. நீர் வடிகட்டிக்கான நல்ல சிரட்டைக் கரியில் அது 1000 அளவில் இருக்கும்.