கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு கெமிஸ்ட்ரி டெஸ்ட்

அன்புள்ள ஐயா,

பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் ஆறு மாதமாக எங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. புதுச்சேரியில் ஒரு குடும்ப ஆலோசகரிடம் போனோம். அவனுக்குப் புத்தி சொல்வார் என்று பார்த்தால், மூன்று பேரையும் உட்காரவைத்து, என் கணவரைப் பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்கச் சொன்னார். அவன் போனை நான் ரகசியமாகப் பார்ப்பதையும் நிறுத்தணுமாம். ஆராய்ச்சி அப்படிச் சொல்கிறதாம். வெளிநாட்டு ஆராய்ச்சி நம் வீட்டுக்குச் சரிப்படுமா? திரும்பும்போது பஸ் கிருமாம்பாக்கம் தாண்டியதும், "அப்பா பத்து நிமிஷம் வாயே திறக்கலல்லம்மா" என்று சிரித்தான். நாளைக்குக் கெமிஸ்ட்ரி டெஸ்டாச்சே, படிச்சியா என்றேன். அப்புறம் கடலூர் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விக்கான பதில் கடிதத்தின் கடைசி நான்கு வரியிலேயே இருக்கிறது. முதலில் ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோர் கண்காணிப்பில் இருக்கும் பிள்ளை தப்பு வழிக்குப் போகாது என்றுதான் வெகுகாலம் எழுதிவந்தார்கள். 2000-ல் ஸ்டாட்டின், கெர் என்ற ஆய்வாளர்கள் இருவர், பெற்றோருக்கு விஷயம் தெரியவருவது எப்படி என்று கேட்டார்கள். ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரும் அவர்களைப் பெற்றவர்களும் பதில் சொன்னார்கள். துருவிக் கேட்டோ கட்டுப்படுத்தியோ தெரிந்துகொண்டதைவிட, பிள்ளை தானாக வந்து சொன்னதே அதிகம். ஒழுங்காக இருக்கிற பிள்ளைதான் தானாகச் சொல்கிறதோ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் அதைத்தான் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் போனை நோண்டிக் கிடைப்பது தகவல். பையன் கிடைக்கமாட்டான்.

கட்டுப்பாடே வேண்டாம் என்பதில்லை. பாசமும் கண்டிப்பும் சேர்ந்த வளர்ப்பையே அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களிலிருந்து சொல்லிவந்தார். ராத்திரி பத்துக்கு மேல் எல்லார் போனும் ஹாலில் என்றால் அது சட்டம். உங்கள் போனும்தான், அதில் சலுகை கிடையாது.

கணவரை ஏன் சும்மா உட்காரவைத்தார்? வீட்டுச் சண்டையைக் கதையாகக் கேட்பதைவிட, எதிரிலேயே பேசவைத்து, யார் எங்கே குறுக்கிடுகிறார் என்று பார்த்து மாற்றுவது குடும்ப சிகிச்சை நிபுணர் சால்வடோர் மினுச்சின் பரப்பிய முறை. மட்டம்தட்டுவது நோக்கமல்ல. அவர் சும்மா இருந்ததால்தான் பையனுக்கு பஸ்ஸில் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது.

அதுவும் கேட்டதற்குப் பதிலாக அல்ல, தானாகவே சொன்னான், சிரித்துக்கொண்டு! ஸ்வீடனில் எண்ணிப் பார்த்தது இதைத்தான். கடலூர் பஸ்ஸில் அது உங்கள் பக்கத்து சீட்டில் நடந்தது. நீங்கள் கெமிஸ்ட்ரியைப் போட்டு மூடிவிட்டீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் மகளிடம் நான் மூடியது கணக்குப் பாடத்தைப் போட்டு.

அடுத்த முறை போகும்போதும் பஸ்ஸிலேயே போங்கள். முகத்துக்கு முகம் பார்க்கவேண்டியதில்லை என்பதால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வண்டியில் வாய் திறக்கும். அவன் ஏதாவது சொன்னால் "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். டெஸ்டை வீட்டுக்கு வந்து விசாரிக்கலாம்.