தலை பிடித்துவிடுவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, சாயங்காலமானா நெற்றியைச் சுற்றிப் பட்டை கட்டின மாதிரி இறுக்கம். வீட்டுக்காரர் உச்சந்தலையில எண்ணெய் வைத்துப் பரபரன்னு தேய்க்கிறார். அரை மணியில திரும்ப வலிக்குது. ஏன்?

பதில்: உச்சியில் தசை கிடையாதும்மா, தட்டையான சவ்வுதான். அதை முன்னால் நெற்றித் தசையும் பின்னால் பிடரித் தசையும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. கணினி முன் தலையை நீட்டி உட்காருபவர்களுக்குப் பெரும்பாலும் இறுகிக் கிடப்பது தோளும் பிடரியும். அங்கே கை வைக்காமல் உச்சியைத் தேய்த்தால் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். கீழிருந்து மேலே வரச் சொல்லுங்கள்.

முதலில் தோள், 5 நிமிடம். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவிலுள்ள சதையை உள்ளங்கையோடு மொத்தமாகப் பற்றி, 3 விநாடி பிடித்து விட வேண்டும். விரல் நுனியால் கிள்ளினால் தோல்தான் எரியும். அடுத்து கழுத்து: ஒரு கை நெற்றியைத் தாங்கட்டும், மறு கை முதுகெலும்பின் இரு பக்கச் சதையையும் கீழிருந்து மேலாகப் பிடித்துவிடட்டும். எலும்பின் மேல் அழுத்தக் கூடாது. முன்கழுத்துப் பக்கமே போக வேண்டாம்.

முக்கியமான இடம் இனிமேல்தான். மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்குமிடத்தில், நடுக்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு பள்ளங்கள் தட்டுப்படும். அங்கே கட்டைவிரலை வைத்து, நீங்கள் மூச்சு விடும்போது மேல்நோக்கி 10 விநாடி அழுத்தி, மெல்ல விட வேண்டும். 3 முறை போதும். இதை அவசரமாகச் செய்தால் தசை எதிர்த்து இன்னும் இறுகும்.

அப்புறம்தான் தலை. பத்து விரல் நுனியையும் ஊன்றி, விரல் நழுவாமல் தோலையே வட்டமாக நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் 5 சுற்று, பிறகு ஓர் அங்குலம் தள்ளி. முடி உரசும் சத்தம் கேட்டால் தோல் நகரவில்லை, முடிதான் சிக்காகிறது. நெற்றிப்பொட்டுக்கு விரலின் எடையே போதும்.

கேள்வி: எண்ணெய் எவ்வளவு? எனக்குப் பொடுகு இருக்கு.

பதில்: தோள் வரை முடி இருந்தால் 2 தேக்கரண்டி போதும். கிண்ணத்தை வெந்நீரில் 5 நிமிடம் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத் தடவுங்கள். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, உங்கள் வழக்கம். இறுக்கத்தைத் தளர்த்துவது கைதான். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெய்ப் பசையில்தான் வளரும். அதனால் உங்களுக்கு எண்ணெயில்லாமலே பிடித்துவிடலாம். இரவு முழுக்க எண்ணெய் ஊற வைப்பது வேண்டாம்.

கேள்வி: சலூன்ல கடைசியா கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்கிறாங்க. நல்லதுதானே அக்கா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மூளைக்கு இரண்டு ரத்தக்குழாய்கள் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது, அபூர்வமாகத்தான் என்றாலும், அதன் உள்சுவர் கிழிந்து ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம், இளவயதுக்காரர்களுக்கும் வந்திருக்கிறது. 'டக்' சத்தம் மூட்டுத் திரவத்தில் உருவாகும் வாயுக்குமிழியால் வருவது. தசை தளர்ந்ததற்கு அடையாளமல்ல. உட்காரும்போதே "அண்ணே, கழுத்தைத் திருப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தனியா இருக்கேன். பிடிச்சுவிட ஆளில்லை.

பதில்: ஒரு சாக்ஸில் இரண்டு டென்னிஸ் பந்துகளைப் போட்டு முடிச்சிடுங்கள். மல்லாந்து படுத்து, அதே இரண்டு பள்ளங்களுக்கும் அடியில் பந்துகளை வைத்து, 2 நிமிடம் தலையின் பாரத்தை அதில் விடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயசு. ஒரு வாரமா நெற்றிப்பொட்டுல வலி, சீப்பு பட்டாலே துடிக்கிறாங்க. மெதுவா பிடிச்சுவிடலாமா?

பதில்: கை வைக்காதீர்கள். 50 வயதுக்கு மேல் புதிதாக இப்படி வந்தால் பொட்டிலுள்ள தமனியில் அழற்சி இருக்கலாம். மெல்லும்போது தாடை வலிக்கிறதா, பார்வை மங்குகிறதா என்று கேளுங்கள். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடக்கூடும். இன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பார்வை மங்கியிருந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு.