கார் இல்லாமல் மேற்கு அயர்லாந்து

கேள்வி: அயர்லாந்தின் மேற்குக் கரையை நான்கு நாளில் பார்க்க ஆசை. கார் ஓட்டத் தெரியாது. எந்த ஊரில் தங்கலாம்?

பதில்: மேயோ கவுன்டியின் வெஸ்ட்போர்ட்டில் தங்குங்கள். டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து நேரடி ரயில். ஏறத்தாழ மூன்றேகால் மணி நேரம். வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கில் தீவு வரை போய், 1937இல் மூடப்பட்ட பழைய ரயில்பாதைதான் இப்போது 40 கி.மீ.க்குச் சற்று மேலான அருமையான சைக்கிள் பாதை. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வீசும். அதனால் சைக்கிள் வாடகைக் கடையின் வேனில் அக்கில் போய், அங்கிருந்து வெஸ்ட்போர்ட் நோக்கி மிதியுங்கள். எதிர்த்திசையில் போனால் கால் ஓய்ந்துவிடும்.

வெஸ்ட்போர்ட்டுக்கு அருகே முரிஸ்க் கிராமத்தில் ஏறத் தொடங்கும் குரோ பாட்ரிக் மலை 764 மீட்டர். உச்சிப் பகுதி முழுக்க உருளும் சரளைக்கல். இறங்கும்போதுதான் அதிகம் சறுக்கும், கைத்தடி அவசியம். ஜூலை கடைசி ஞாயிறு யாத்திரைக் கூட்டம், தவிர்த்துவிடுங்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது.