மோட்டார்ஹோம் கூரையில் உள்ள மழை சென்சார் வென்ட்டை நம்பி, திறந்து வைத்துவிட்டு வெளியே போகலாமா?

வண்டிக்குள்ளேயோ பக்கத்திலேயோ இருக்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக நம்பலாம். பூட்டிக்கொண்டு நாலு மணி நேரம் எங்கேயாவது சுற்றப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், மூடிவிட்டுப் போங்கள்.

அரிசோனாவில் இருக்கிறோம். ஏழு வருடமாக எங்களிடம் ஒரு பழைய கிளாஸ் சி மோட்டார்ஹோம் (முன்னால் வேன் முகப்பு, பின்னால் படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீடு போன்ற பெட்டி) இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கூரையில் இரண்டு வென்ட், அதாவது காற்றோட்டத் திறப்பு. படுக்கைக்கு மேலே இருப்பதில் மழை சென்சார் உண்டு, மழை பட்டால் தானே மூடிக்கொள்ளும். குளியலறைக்கு மேலே இருப்பது கையால் திருகித் திறக்கிற சாதாரண வகை. இத்தனை வருடத்தில் சென்சார் வைத்த வென்ட் வழியாகத்தான் மெத்தை நனைந்திருக்கிறது. கையால் திருகும் வென்ட் வழியாக ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை. அதை நம்பாததால் எப்போதும் மூடிவிட்டுத்தான் போவோம், அவ்வளவுதான்.

இந்த வண்டிகளைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பெரும்பாலான மோட்டார்ஹோம்களின் கூரையில் 14 அங்குலத்துக்கு 14 அங்குலம் என்று சதுரமாக ஓர் ஓட்டை இருக்கும். (ஐரோப்பிய வண்டிகளில் 40 சென்டிமீட்டர் சதுரம்தான் வழக்கம்.) அதில் 12 வோல்ட் ஃபேன், அதற்கு மேலே திறந்து மூடும் பிளாஸ்டிக் மூடி. விலை கூடிய மாடல்களில் மூடியைத் தூக்கி இறக்க ஒரு சின்ன மோட்டார், சூட்டைப் பார்த்துத் தானே ஓடத் தெர்மோஸ்டாட், ரிமோட், அப்புறம் இந்த மழை சென்சார்.

சென்சார் என்றதும் ஏதோ பெரிய சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். கிட்டத்தட்ட தபால்தலை அளவில் ஒரு சர்க்யூட் தகடு. அதன் மேல் இரண்டு சீப்புகளை எதிரெதிராக வைத்துப் பல்லுக்கு நடுவே பல் நுழைத்தது போல இரண்டு உலோகக் கோடுகள், ஒன்றையொன்று தொடாமல் ஓடும். மழைத்துளி விழுந்து இரண்டையும் இணைத்துவிட்டால் மெல்லிய மின்னோட்டம் பாயும். உடனே ஃபேன் நிற்கும், மூடி இறங்கும். சில மாடல்களில் தகடு காய்ந்ததும் மூடி தானே திறந்து ஃபேன் மறுபடி ஓடத் தொடங்கும். காரின் முன்கண்ணாடியில் இருக்கும் மழை சென்சார் வேறு வகை. அது கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்து வைப்பரை ஓட்டும். நம் கூரையில் இருப்பது அவ்வளவு படித்ததில்லை.

ஆனால் படிக்காத சென்சார் என்பதால்தான் அது அடிக்கடி கெடுவதும் இல்லை. மெத்தை நனைந்த அன்றும் சென்சார் நன்றாகத்தான் இருந்தது. சொல்கிறேன்.

ஒரு ஜூலை மாதம் மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். கீழே ஃபீனிக்ஸில் வெயில் தாங்காமல் ஃபிளாக்ஸ்டாஃப் போனோம். கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், பைன் மரக் காடு. ஊருக்கு வெளியே கோகொனினோ வனப்பகுதியில் கட்டணம் இல்லாமல் வண்டியை நிறுத்திக்கொள்ளும் இடங்கள் உண்டு. கரன்ட் இணைப்பு, குழாய் எதுவும் கிடையாது. எல்லாம் வண்டி பேட்டரியில்தான் ஓட வேண்டும். அங்கே மழைக்காலம் என்று வானிலைத் துறை கணக்கு வைத்திருப்பது ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. காலையில் பளிச்சென்று இருக்கும், மதியம் மேகம் கூடும், மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். தெரிந்தேதான் வென்ட்டைத் திறந்து வைத்தேன். மூடினால் உள்ளே புழுங்கும், சென்சார்தான் இருக்கிறதே.

நண்பர் ஒருவரின் காரில் எல்லோருமாக லோவெல் வானாய்வகம் பார்க்கப் போனோம். 1930-இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த இடம். உள்ளே இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மாமியார், "வண்டிக் கூரை திறந்திருக்குமே மாப்பிள்ளை" என்றார். "அது தானே மூடிக்கொள்ளும் அத்தை" என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியவில்லை. ஃப்ரிட்ஜின் பச்சை விளக்கும் இல்லை. மேலே மூடி வானத்தைப் பார்த்து அகலத் திறந்திருந்தது. மெத்தையைக் கையால் அழுத்தினால் தண்ணீர் வந்தது.

நடந்தது இதுதான். கடைசியாக இறங்கியவர் மாமா. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்துவிட்டுப் பூட்டுவது அவருடைய ஐம்பது வருடப் பழக்கம். கதவோரம் இருந்த சுவிட்சையும் விளக்கு சுவிட்ச் என்று நினைத்து அணைத்திருக்கிறார். அது பேட்டரி டிஸ்கனெக்ட். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது பேட்டரி இறங்காமல் இருக்க எல்லாவற்றையும் மொத்தமாகத் துண்டிக்கும் சுவிட்ச். அதைப் போய் வாசலில், விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்திலேயே வைத்த புண்ணியவான் யாரோ. மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே ஒரு முறை கைதவறி அதைத் தட்டியிருக்கிறேன், அன்று வெயில் என்பதால் தப்பித்தேன்.

அதனால் "சென்சார் நம்பகமானதா" என்று கேட்டால், கேள்வி அங்கே நிற்காது. மழையை உணர்வது சுலபமான வேலை. உணர்ந்த பிறகு மூடி இறங்க பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும், ஃப்யூஸ் போகாமல் இருக்க வேண்டும், மோட்டார் சுழல வேண்டும், அதன் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேயாமல் இருக்க வேண்டும், மூடிக்கு நடுவே சருகோ குச்சியோ சிக்காமல் இருக்க வேண்டும். இதில் எது விட்டுப்போனாலும் மெத்தை நனையும். லெட்-ஆசிட் பேட்டரி முழுதாக ஏறியிருந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் கிட்டத்தட்ட காலி. மூன்று நாள் மேகமூட்டத்தில் சோலார் பேனல் சரியாக ஏற்றாமல் இருந்தபோது எங்கள் மூடி பாதி இறங்கி முனகிக்கொண்டே நின்றது. உள்ளே இருந்ததால் கையால் இறக்கினேன். பல மாடல்களில் இதற்கென்று ஒரு கைத்திருகு இருக்கும். உங்களுடையதில் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள். நள்ளிரவு மழையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தேடும் பொருள் அல்ல அது.

சென்சாருக்கென்று சொந்தக் குறைகளும் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் எதிர்த் திசையில். மழை இல்லாதபோதும் மூடிவிடும். மே, ஜூன் மாதங்களில் தெற்குக் கலிஃபோர்னியா கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? கடல் மேகம் கரை வரை வந்து காலையெல்லாம் ஈரமாக அப்பிக்கொண்டிருக்கும். 'ஜூன் குளூம்' என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே விடியற்காலை நாலு மணிக்கு மூடி 'ர்ர்ர்' என்று இறங்கும். பனி கொஞ்சம் உலர்ந்தால் திறக்கும். மறுபடி இறங்கும். தலைக்கு நேர் மேலே இந்தக் கச்சேரி நடந்தால் யார் தூங்குவது? மழை சென்சாரைத் தற்காலிகமாக முடக்கி வைக்கும் வசதி சில மாடல்களில் இருக்கிறது. அப்படி முடக்கினால் காலையில் மறக்காமல் திரும்பப் போட வேண்டும், அங்கேதான் அடுத்த வில்லங்கம்.

எங்கள் பக்கத்துப் பிரச்சினை புழுதி. மழைக்கு முன்னால் புழுதிப் புயல் வரும், அது தகட்டின் மேல் படியும், முதல் நாலு துளியில் சேறாகும். சேறு காய்கிற வரைக்கும் அதற்கு மழைதான். வானம் வெளுத்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் மூடி திறக்காமல் அடம் பிடித்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கிவிடாதீர்கள். மெல்லிய துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், போதும். உப்புத்தாள், கம்பி பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டாம். மேல் பூச்சு போய்விட்டால் கோடுகள் அரித்துவிடும். நான் மாதம் ஒரு முறை ஈர விரலை அதன் மேல் வைத்துப் பார்ப்பேன். மூடி இறங்கினால் சரி.

சாய்ந்தடிக்கும் மழையைப் பற்றி விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. தகடு தபால்தலை அளவு, ஓட்டை 14 அங்குலம். இடிமழையின் முதல் துளிகள் பெரிதாக, விட்டு விட்டு விழும். அதில் ஒன்று தகட்டில் விழுவதற்குள் பத்து உள்ளே வந்திருக்கும். அது பரவாயில்லை, துடைத்துக்கொள்ளலாம். ஆனால் மூடி ஒரு பக்கக் கீலில்தான் தூக்குகிறது. காற்று திறந்த பக்கமாக அடித்தால் சாரல் நேராக உள்ளே வரும். தகடு எந்த மூலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது நனையக் கொஞ்சம் நேரம் பிடிக்கலாம். முடிந்தால் வண்டியை நிறுத்தும்போதே காற்று வரும் திசையைப் பார்த்து, கீல் இருக்கும் பக்கத்தை அதற்குக் கொடுங்கள். எங்களுக்கு எப்போதும் முடிகிறதா என்றால், இல்லை. கிடைத்த நிழலில் நிறுத்துவதுதான் நடக்கிறது.

சமையலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டுத் தாளிப்புக்கு அந்தக் கூரை ஃபேன்தான் உயிர். மிளகாய் வற்றலை எண்ணெயில் போட்ட நேரத்தில் மழை வந்து மூடி இறங்கி ஃபேன் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். புகை அலாரம் அலறியதில் பக்கத்து வண்டிக்காரர் ஓடி வந்துவிட்டார். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், அடுப்பு எரிவது புரோப்பேன் வாயுவில். எரியும்போது காற்றோட்டம் வேண்டும். மூடி தானாக இறங்கிவிடக்கூடும் என்பதால் சமைக்கும்போது ஒரு ஜன்னலையாவது திறந்தே வையுங்கள். நாயை உள்ளே விட்டுவிட்டு, ஃபேன் ஓடுகிறதே என்று போகிறவர்களுக்கும் இதே கதைதான்: நாலு துளி விழுந்தால் ஃபேன் நின்றுவிடும், வெயில் மறுபடி வந்தால் உள்ளே அடுப்பு.

மெத்தை சம்பவத்துக்குப் பிறகு நான் செய்தது ஒன்றுதான். வென்ட்டுக்கு மேலே நிரந்தரமாக ஒரு கவசம் பொருத்தினேன். கூரையில் திருகி வைக்கும் பிளாஸ்டிக் கூண்டு, பக்கவாட்டில் காற்றுக்குச் சட்டங்கள் இருக்கும். மழை பெய்தாலும் உள்ளே மூடி திறந்தே இருக்கலாம். காற்றோட்டம் லேசாகக் குறைகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. வாங்கும்போது உயரத்தைப் பாருங்கள், மோட்டார் வைத்த மூடிக்குப் பெரிய அளவு வேண்டும். சின்னதை வாங்கினால் மூடி முழுதாகத் திறக்காமல் இடித்து மோட்டாரைக் கெடுக்கும். சென்சார் அதற்கடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

கவசம் போட்ட அடுத்த வருடமும் கூரை ஓரத்தில் பழுப்பாக ஈரக்கறை தெரிந்தது. மறுபடி வென்ட்டா என்று எரிச்சலோடு ஏணி போட்டு ஏறினால், வென்ட்டின் சட்டத்தைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் பூசியிருந்த சீலன்ட் வெயிலில் வெடித்திருந்தது. மூடி, சென்சார் எதற்கும் சம்பந்தம் இல்லை. உள்ளே தண்ணீர் வந்ததும் பலரும் முதலில் சென்சாரைத்தான் திட்டுகிறார்கள்; மெத்தையின் நடுவில் ஈரம் என்றால் திட்டுவதில் நியாயம் உண்டு, கூரைப் பலகையின் ஓரத்தில் கறை என்றால் மேலே ஏறிச் சீலன்ட்டைப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பது நல்லது.

புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால், மழை சென்சாருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை விட, மழையிலும் ஓடும்படி மூடியே கூரை போலச் சரிந்து நிற்கும் வகையை நான் எடுப்பேன். மேக்ஸ்ஃபேன் டீலக்ஸ் அந்த ரகம்; நண்பரின் வண்டியில் கொட்டும் மழையில் ஃபேன் ஓட ஓட உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஏற்கெனவே சென்சார் உள்ள வென்ட் இருக்கிறது என்றால் மாற்றத் தேவையில்லை, கவசம் போதும். அதுவும் வேண்டாம் என்றால் இறங்கும் முன் கையால் மூடிவிட்டு, அப்புறம் மாமாவிடம் சொல்லி எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொல்லுங்கள்.