டச் போர்டு வாங்கும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பென்னாகரம், அரசுப் பள்ளி ஆசிரியை: சார், முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு டச் பேனல் வாங்கித் தர்றோம்னு சொல்றாங்க. கடைக்காரர் 20 பாயின்ட், 40 பாயின்ட்னு அடுக்குறார். எதை எடுக்கறது?

பதில்: பாயின்ட் என்றால் ஒரே நேரத்தில் எத்தனை இடத்தில் தொட்டாலும் போர்டு எடுத்துக்கொள்ளும் என்ற கணக்கு. அதை ஓரமாக வையுங்கள். போர்டு முன்னால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள்தான் நிற்க முடியும். 10 பாயின்ட்டே தாராளம். எழுத்து எப்படி விழுகிறது என்பதுதான் முக்கியம்.

இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை இன்ஃப்ராரெட் வகை. சட்டத்தின் ஒரு பக்கம் எல்இடிகள், எதிர்ப்பக்கம் சென்சார்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் கண்ணாடிக்குச் சில மில்லிமீட்டர் மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விரல் எங்கே கதிரை மறைக்கிறதோ, அதைத்தான் தொட்ட இடமாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. கதிர் ரொம்ப மேலே ஓடினால், பேனாவைத் தூக்கிய பிறகும் கோடு தொடரும். ஆங்கிலம் எழுதும்போது இது அவ்வளவாகத் தெரியாது, தமிழில் உடனே தெரிந்துவிடும். கடையிலேயே ‘பக்கத்துக் கட்டடம்’ என்று, வகுப்பில் எழுதும் அதே வேகத்தில் எழுதுங்கள். ஐந்து புள்ளிகளும் தனித்தனியாக விழ வேண்டும். புள்ளிக்கு வால் முளைத்தாலோ எழுத்தோடு ஒட்டிக்கொண்டாலோ அந்த மாடல் வேண்டாம். பிறகு பக்கவாட்டில் நின்று ஒரு கோடு போடுங்கள். பேனா முனைக்கும் கோட்டுக்கும் இடைவெளி தெரிந்தால், கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்று இடைவெளி அதிகம் என்று அர்த்தம். கணக்கு, வரைபடம் நடத்துகிறவர்களுக்கு அது தினமும் தொல்லை.

தேன்கனிக்கோட்டை: புரொஜெக்டரோட இன்ஃப்ராரெட் போர்டு வச்சிருக்கோம். காலையில் கர்சர் தானா ஓடுது, சில இடத்தில் தொட்டாலும் எடுக்கறதில்லை. மதியத்துக்கு மேல சரியாயிடுது. போர்டு போயிடுச்சா?

பதில்: காலையில் மட்டும் என்றால் முதல் சந்தேகம் கிழக்கு ஜன்னல் மேல்தான். வெயிலிலும் இன்ஃப்ராரெட் இருக்கிறது; அது சென்சார் மேல் நேராக விழுந்தால் நிழல் எது, ஒளி எது என்று போர்டுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. ஜன்னலில் ஒரு கெட்டிப் போர்வையைக் கட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் போர்டு நன்றாக இருக்கிறது. கெட்டித் திரை போடுங்கள், அல்லது வெயில் நேராகப் படாத சுவருக்கு மாற்றுங்கள்.

நிற்கவில்லை என்றால் சட்டத்தின் உள்விளிம்பைக் காய்ந்த பருத்தித் துணியால் நான்கு பக்கமும் துடையுங்கள். கீழ் விளிம்பில்தான் சாக்பீஸ் தூள் படியும். தண்ணீரோ ஸ்பிரேயோ நேராக அடிக்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒரே கோட்டில் மட்டும் டச் எடுக்காவிட்டால் அந்த வரிசையில் எல்இடி அல்லது சென்சார் போயிருக்கும். ஒரு பக்கம் முழுவதும் செத்திருந்தால் மூலையில் இருக்கும் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். போர்டைக் கழற்றி வேறு வகுப்புக்கு மாற்றிய இடங்களில் இதை எதிர்பார்க்கலாம். மழைக்காலத்தில் ஈசல் உள்விளிம்பில் உட்கார்ந்தாலும் கர்சர் ஓடும். அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

தொடும் இடத்துக்கும் கோடு விழும் இடத்துக்கும் விலகல் இருந்தால் அது வேறு விஷயம். புரொஜெக்டர் அசைந்திருக்கிறது. ஸ்டாண்டின் திருகுகளை இறுக்கிவிட்டு மறுபடி கேலிபரேஷன் (தொடும் இடத்தைப் படத்தோடு பொருத்துவது) செய்யுங்கள்.

பர்கூர்: எங்க பள்ளியை ஒட்டி கிரானைட் லாரிங்க போற ரோடு. எப்பவும் தூசி. எந்த வகை தாங்கும்?

பதில்: உங்களுக்குக் கப்பாசிட்டிவ், அதாவது விரல் பட்டால் ஏற்படும் மின் மாற்றத்தை உணரும் வகை, நல்லது. சென்சார் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது, தூசி உட்கார விளிம்புச் சட்டம் துருத்திக்கொண்டு நிற்காது. விலைதான் இடிக்கும்: அளவு பெரிதாகப் பெரிதாக இன்ஃப்ராரெட்டை விட வேகமாக ஏறும். பணம் போதாவிட்டால் இன்ஃப்ராரெட்டே வாங்கி, உள்விளிம்பைத் தினமும் துடைக்கும் வேலையை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். மூலையில் கேமரா வைத்த ஆப்டிகல் போர்டை மட்டும் எடுக்காதீர்கள். லென்ஸில் ஒரு பொட்டுத் தூசி படிந்தாலே தொல்லை ஆரம்பம்.

கப்பாசிட்டிவ் எடுத்தால் மூன்று பின் பிளக்கில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மின் இரைச்சலுக்கு (ஒயரில் வரும் தேவையற்ற மின் அலைகளுக்கு) இது எளிதில் தடுமாறும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் தவறான டச் நின்றால் சார்ஜரும் எர்த்தும்தான் காரணம்.

ஓசூர், தொழிற்பயிற்சி மையம்: பசங்க கையுறை போட்டிருப்பாங்க. கழட்டாமலே தொடணும்.

பதில்: இன்ஃப்ராரெட். கதிரை எது மறைத்தாலும் அது எடுத்துக்கொள்ளும். கப்பாசிட்டிவ் தடிமனான கையுறையில் பெரும்பாலும் எடுக்காது.

அரூர்: எங்களுடையது பேனாவால மட்டும் வேலை செய்யற பழைய போர்டு. பேனா தொலைஞ்சு போச்சு. வேற பேனா போட்டா ஓடுமா?

பதில்: அது பெரும்பாலும் மின்காந்த வகையாக இருக்கும். பலகைக்குப் பின்னால் கம்பி வலை, பேனாவுக்குள் சுருள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அதனால் அதே நிறுவனத்தின், அதே மாடலுக்கான பேனாதான் வேண்டும். விரலால் தொட்டால் ஒன்றும் நடக்காது. பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள், இரண்டு பேனாவாக வாங்குங்கள். போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேற்பரப்பில் கீறல் விழுந்தாலும் இந்த வகை துல்லியமாக எழுதும், உள்ளங்கை பட்டாலும் குழம்பாது.

பாலக்கோடு: டீச்சர் மேஜைக்கு 8 மீட்டர் யூஎஸ்பி ஒயர் இழுத்தோம். டச் விட்டு விட்டு வருது.

பதில்: சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. நடுவே சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் ‘ஆக்டிவ்’ நீட்டிப்பு கேபிள் வாங்குங்கள். ஃபேன், லைட் ஒயர் போகும் அதே பைப்பில் இதை விடாதீர்கள்.

ஊத்தங்கரை, டியூஷன் சென்டர்: செகண்ட் ஹேண்டில் அழுத்தினா வேலை செய்யற ரெசிஸ்டிவ் போர்டு ஒண்ணு வருது. எடுக்கலாமா அண்ணா?

பதில்: விரல், குச்சி, எதனால் அழுத்தினாலும் வேலை செய்யும், வெயிலும் ஒன்றும் செய்யாது. ஆனால் மேல்படலம் மெல்லிய பிளாஸ்டிக். காம்பஸ் முனை ஆழமாகக் கிழித்தால் மாற்ற வழியில்லை. போகும்போது லேப்டாப்பை எடுத்துப் போய் போர்டு முழுக்க இடமிருந்து வலமாக, நான்கு விரல் இடைவெளியில் கோடு போட்டுக்கொண்டே இறங்குங்கள். எங்காவது கோடு அறுந்தால் விட்டுவிடுங்கள். அறுபடாவிட்டாலும், உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் (போர்டை இயக்கும் மென்பொருள்) கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.