மூத்த மதம் எது?

கேள்வி: உலகின் மிகப் பழைய மதம் இந்து மதம்தான் என்று வெளிப்படையாகச் சொல்ல உங்களுக்கு என்ன தயக்கம்? போன இதழில் 'மிகப் பழைய மதங்களில் ஒன்று' என்று மழுப்பியிருந்தீர்கள். பத்தாயிரம் வருஷப் பழமை என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். என் நண்பரோ, மதம் என்பதே பூசாரிகள் வயிறு வளர்க்கக் கண்டுபிடித்தது என்கிறார். அவருக்கும் சேர்த்தே பதில் சொல்லுங்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: மழுப்பவில்லை, தெரிந்தேதான் எழுதினோம். நீங்கள் சொல்லும் அந்த 'எல்லோரும்' பத்தாயிரத்தை எங்கிருந்து எண்ண ஆரம்பித்தார்கள் என்று ஒருவராவது உங்களிடம் சொன்னாரா? மதத்தின் வயதைக் கேட்டால் முதலில் தீர்க்க வேண்டிய விஷயம் அது. சடங்கு தொடங்கிய காலமா, நூல் உருவான காலமா, அல்லது இன்று கும்பிடுகிற மாதிரியே கும்பிட ஆரம்பித்த காலமா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விடை வரும். அதில் நமக்குத் தோதானதை எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு மட்டும் கறாராகக் கணக்குப் பார்ப்பதுதான் ஊரில் நடக்கிறது.

இந்து மதத்தையே எடுத்துக்கொள்வோம். ரிக் வேதப் பாடல்கள் சுமார் கி.மு. 1500-க்கும் 1000-க்கும் இடையே உருவானவை என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஏற்கும் கணிப்பு. எழுத்தே இல்லாமல், அசை பிசகாமல், வாய்வழியாகவே இத்தனை நூற்றாண்டுகள் அவை காப்பாற்றப்பட்டது உலக அதிசயங்களில் ஒன்று. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாடல்களில் வரும் தெய்வங்களின் பெயர்கள், காலம் உறுதியாகத் தெரிந்த ஓர் ஆவணத்தில் முதன்முதலாக எங்கே கிடைக்கின்றன தெரியுமா? இன்றைய துருக்கியில், பொகாஸ்கோய் என்ற இடத்தில். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்து இரண்டு பழைய அரசுகளான ஹிட்டைட், மித்தானி ஆகியவற்றின் அரசர்கள் செய்துகொண்ட உடன்படிக்கைக்குச் சாட்சியாக அழைக்கப்பட்ட தெய்வங்களின் நீண்ட பட்டியலில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் எல்லோரும் வருகிறார்கள். களிமண் பலகையில், ஆப்பெழுத்தில்.

இதைப் பெருமையாகவும் சொல்லலாம், சங்கடமாகவும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் பத்தாயிரம் வரவில்லை.

உடனே சிந்துவெளி முத்திரையை நீட்டுவீர்கள். மொகஞ்சதாரோவில் 1928-29 அகழாய்வில் கிடைத்தது. மூன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். கொம்பு வைத்த தலையணியோடு கால் மடக்கி அமர்ந்த ஓர் உருவம், சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை. இது சிவனின் முன்வடிவம் என்று தொல்லியல் அறிஞர் ஜான் மார்ஷல் சொன்னார். பசுபதி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. இல்லை, எருமைத் தெய்வம் என்று வாதிட்டவர்களும் உண்டு. உருவத்துக்கு மேலேயே எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை யாரும் ஒப்புக்கொள்ளத்தக்க விதத்தில் இன்னும் படித்தபாடில்லை. பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாமலே உள்ளே இருப்பவர் இன்னார்தான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒருவேளை மார்ஷல் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். அப்போதும் நாலாயிரம், நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகள்.

இன்னொன்று. ரிக் வேதத்தில் அதிகப் பாடல்கள் இந்திரனுக்கு, அடுத்து அக்கினிக்கு. அதில் கோயில் கிடையாது. இன்று இந்திரனுக்கு எத்தனை கோயில் இருக்கிறது? வாசுதேவ (கிருஷ்ண) வழிபாட்டுக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய கல்வெட்டுச் சான்றுகளில் ஒன்று மத்தியப் பிரதேசத்தில் விதிஷாவுக்கு அருகிலுள்ள கருடத் தூண். கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை நட்டவர் ஹீலியோடோரஸ் என்ற கிரேக்கத் தூதர். தன்னை பாகவதன் என்று அதில் அறிவித்துக்கொள்கிறார். வேள்வி, விக்கிரகம், பக்தி, தத்துவம் எல்லாம் வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்து கலந்ததுதான் இன்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் மதம். அதற்கு ஒற்றைப் பிறந்த நாள் கேட்டால் நான் எங்கே போவேன்?

மற்ற மதங்களின் நிலையும் இதேதான். பார்சிகளின் மதத்தை நிறுவிய ஜரதுஷ்டிரர் எப்போது வாழ்ந்தார் என்பதில் அறிஞர்களுக்குள் ஆயிரம் ஆண்டு வித்தியாசம். யூதர்கள் ஆதியிலிருந்தே ஒரே கடவுளை வணங்கியதாக வேதாகமத்தை மேலோட்டமாகப் படித்தவர்கள் நினைப்பார்கள். சினாய்ப் பாலைவனத்தில் குன்டிலெட் அஜ்ருத் என்ற இடத்தில் கிடைத்த, சுமார் கி.மு. 800-ஐச் சேர்ந்த ஜாடிகளிலோ அந்த ஒரே கடவுளான யாவேயின் பெயரோடு அஷேரா பெயரும் சேர்த்து ஆசி எழுதப்பட்டிருக்கிறது. அஷேரா அந்த வட்டாரத்துப் பெண் தெய்வத்தின் பெயர். எகிப்தைப் பாருங்கள்: உனாஸ் மன்னனின் பிரமிடுக்குள் சுவர் முழுக்கச் செதுக்கிய மந்திரங்கள் கி.மு. 24-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்த மதத்தின் கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு கி.பி. 394-இல், ஃபிலே தீவில். பிறகு அதைப் படிக்கக்கூட ஆள் இல்லாமல் போனது. மூப்புக்குப் பரிசு கொடுப்பதென்றால் வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

கோபெக்லி தெபேயையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த தபாலில் அது வரும். துருக்கியின் தென்கிழக்கில், கி.மு. 9500 வாக்கில், பயிர்த்தொழில் வேரூன்றுவதற்கு முன்பே வேட்டைக்காரர்கள் நிறுத்திய 'டி' வடிவக் கல்தூண்கள். சில ஐந்தரை மீட்டர் உயரம். நரி, தேள், பிணந்தின்னிக் கழுகு எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். 1995-இல் தோண்டத் தொடங்கிய கிளாவ்ஸ் ஷ்மிட், இது உலகின் முதல் கோயில் என்றார். பின்னால் வந்தவர்கள் அங்கேயே குடியிருப்புகளையும் கண்டபோது, வெறும் கோயில்தானா என்ற கேள்வி எழுந்தது. எப்படியிருந்தாலும் அந்தத் தூண்களுக்கு வாரிசு என்று இன்று உரிமை கொண்டாடத்தக்க மதம் எதுவும் இல்லை.

சரி, பத்தாயிரம் ஆண்டு தாண்டிய, அறுபடாத வழக்கத்துக்கு ஆதாரமே கிடையாதா? ஒன்று இருக்கிறது. ஆனால் பழமைப் பட்டிமன்றங்களில் அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிளாக்ஸ் குகை என்று ஒன்று. அங்கே குனைகுர்னை என்ற ஆதிகுடி மக்களின் அழைப்பின்பேரில் ஆய்வாளர்கள் தோண்டினார்கள். கையகல அடுப்புகள் இரண்டு அகப்பட்டன, ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி. சவுக்கு இனத்து மரம். கிளைகளைச் சீவி, கொழுப்பு தடவியிருந்தார்கள். நுனி லேசாகத்தான் கருகியிருந்தது. சோறு பொங்கவோ குளிர் காயவோ மூட்டிய நெருப்பில்லை. ஒரு குச்சிக்கு வயது 11,000, மற்றதற்கு 12,000 என்று 2024-இல் முடிவுகள் வெளியாயின.

ஆச்சரியம் அதற்கப்புறம்தான். 19-ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் ஹோவிட் என்பவர் இதே மக்களின் மந்திரவாதிகள் செய்த ஒரு சடங்கைக் குறித்து வைத்திருக்கிறார். யாரைக் குறித்துச் செய்கிறார்களோ அவருடைய பொருள் ஒன்றைக் குச்சியின் நுனியில் கட்டி, மனிதக் கொழுப்போ கங்காருக் கொழுப்போ தடவி, நெருப்புக்கு முன்னால் சாய்வாக ஊன்றுவார்கள். மந்திரவாதி அந்த ஆளின் பெயரைப் பாடிக்கொண்டே இருப்பார். குச்சி சாய்ந்து விழுந்தால் மந்திரம் பலித்தது. நானூறு தலைமுறைகளுக்கு மேல், எழுத்து இல்லை, கோபுரம் இல்லை, அரசன் இல்லை, இதே குச்சி, இதே கொழுப்பு. உங்கள் அளவுகோலையே எடுத்தால் மாலை அவர்கள் கழுத்துக்குத்தான் போக வேண்டும். ஐரோப்பியர் வந்து இறங்கியபோது அவர்களுக்கு மதம் என்று ஒன்று இருப்பதாகவே பலர் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

இனி உங்கள் நண்பர். அவர் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் முன்பின் மாறிப்போயிருக்கிறது. இஸ்ரேலில் கஃப்சே குகையில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றைப் புதைத்திருக்கிறார்கள். நெஞ்சின் மேல் மான் கொம்பு வைத்திருக்கிறார்கள். 90,000 ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அந்தப் பிள்ளைக்குத் தலையில் பழைய காயம் ஒன்று இருந்தது. அடிபட்ட பின்பும் சில காலம் உயிரோடு இருந்திருக்கிறது, யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொம்பு எதற்கு? மறுமை நம்பிக்கையா, பாசமா, நான் கதை கட்டப் போவதில்லை. ஈராக்கின் ஷனிதர் குகையில் நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தின் எலும்புகளோடு மகரந்தம் கிடைத்ததும், பூப்போட்டுப் புதைத்தார்கள் என்று உலகமே உருகியது. பிறகு வளை தோண்டும் எலியினமோ தேனீக்களோ கொண்டுவந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் கஃப்சேயில் சம்பளம் வாங்கும் பூசாரியும் இல்லை, நிரப்ப உண்டியலும் இல்லை.

பூசாரிக்குப் பிழைப்பு எப்போது வந்தது என்பதை ஈராக்கின் தெற்கே எரிடுவில் மண்ணடுக்கிலேயே பார்க்கலாம். அடியில் சுமார் மூன்று மீட்டர் சதுரத்தில் ஒற்றை அறை, பலிமேடையோடு. அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று என்று ஒரே இடத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட முறை இடித்து இடித்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். படையலாக வந்த மீன் முள்கள் அங்கே கிடந்தன. அடுத்து ஊருக் நகரம். கி.மு. நான்காம் ஆயிரத்தின் கடைசியில், அங்கே ஈயன்னா கோயில் வளாகத்தில் உலகின் மிகப் பழைய எழுத்து கிடைக்கிறது. அந்தப் பலகைகளில் நண்பர் மந்திரத்தைத் தேட வேண்டாம். பெரும்பாலானவை பார்லி, ஆடு, பீர் வரவு செலவு. வேலை செய்த ஆட்களுக்குப் படியளந்த கணக்கும் அவற்றிலேயே இருக்கிறது. ஆக, கோயிலை வைத்துப் பிழைப்பு நடந்தது என்பதை நான் மறுக்கவில்லை. பூசாரி ஒருவரே பிழைத்தார் என்று நண்பர் சொன்னால், கூலி வாங்கியவர்களின் கணக்கை அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம்.