கேள்வி–பதில்: ஜேனட் ஜாக்சனைக் கைவிட்டது யார்?

சென்ற இதழில் தெலுக் இந்தான் வாசகர் ஒருவர், "ஜேனட் ஜாக்சனின் பாட்டு வாழ்க்கையைக் கெடுத்தது அவருடைய இசைத்தட்டு நிறுவனம்தான்" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரி பலரை உசுப்பிவிட்டது. ஈப்போ, கோலகங்சார், இங்கே சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்கள் என்று ஒரு கட்டுக் கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கும் இது ஆசையோடு பேசுகிற விஷயம். அப்பாவின் கேசட் கடையில் நின்று வளர்ந்தவள் நான். பிறகு அந்தக் கடையை மூடும்வரை நடத்தியவளும் நானே. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் மைக்கேல் ஜாக்சனின் தங்கையான அமெரிக்கப் பாடகி ஜேனட்டுக்கே.

கேள்வி: அக்கா, நானும் என் நண்பனும் செம்பனை ஆலையில் ஒரே ஷிப்ட். பசியாறும் நேரமெல்லாம் இதே வாக்குவாதம்தான். நிறுவனம் கைவிட்டதால் விழுந்தார் என்கிறேன் நான். பாட்டு சரியில்லை, அதனால் விழுந்தார் என்கிறான் அவன். தீர்ப்புச் சொல்லுங்கள்.
– லிந்தாங் வட்டார வாசகர்

பதில்: தம்பி, உங்கள் நண்பரிடம் முதலில் ஒன்று கேளுங்கள். 2004இல் வந்த 'டமிட்டா ஜோ' ஆல்பத்தை அவர் முழுதாகக் கேட்டிருக்கிறாரா? கேட்காமலேயே பாட்டு சரியில்லை என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

நடந்தது இதுதான். 2004 பிப்ரவரி 1ஆம் தேதி, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம். இடைவேளை நிகழ்ச்சியின் முடிவில் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக் ஜேனட்டின் மேலாடையில் ஒரு பகுதியை இழுத்தார். கண் இமைக்கும் நேரம் மார்பு தெரிந்தது. ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சிக்கு 550,000 டாலர் அபராதம் விதித்தார்கள். பல ஆண்டுகள் வழக்கு நடந்து, கடைசியில் அந்த அபராதம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. தொலைக்காட்சிக்கு மேல்முறையீடு இருந்தது. ஜேனட்டுக்கு எங்கே இருந்தது? அடுத்த வாரமே நடந்த கிராமி விழாவில் ஜஸ்டின் மேடையேறினார், விருதும் வாங்கினார். ஜேனட் அந்த அரங்கத்தில் இல்லை. ஜஸ்டின் பகிரங்கமாக ஜேனட்டிடம் மன்னிப்புக் கேட்டது 2021இல். பதினேழு ஆண்டுகள், தம்பி!

அன்றைக்கு சிபிஎஸ், எம்டிவி இரண்டும் வயாகாம் என்ற ஒரே முதலாளியின் கையில் இருந்தன. ஏராளமான வானொலி நிலையங்களும் அவர்களிடமே இருந்தன. அந்த வாசல்கள் ஒரு பாடகிக்கு அடைபட்டால் புதுப் பாட்டு எந்த வழியாக மக்களிடம் போகும்? 'டமிட்டா ஜோ' எட்டு வாரம் கழித்து, மார்ச் கடைசியில் வெளிவந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலான பில்போர்டில் இரண்டாம் இடம் பிடித்தது; பாடகர் அஷரின் ஆல்பம் முதலிடத்தில் இருந்தது. ரசிகர்கள் வாங்கினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அதிலிருந்து எடுத்த பாட்டுகள் வானொலியில் ஏறவில்லை.

நிறுவனத்தின் ஆதரவு என்றால் என்ன என்பதை நான் கடைக் கல்லாவிலிருந்து பார்த்தவள். 1993இல் 'ஜேனட்' என்ற ஆல்பம் வந்தபோது, ஈப்போவிலிருந்து வரும் விநியோகஸ்தரின் வேனில் பெட்டிகளுக்கு முன்னால் போஸ்டர்தான் இறங்கியது. சுருட்டி ரப்பர் பட்டை போட்ட போஸ்டர்கள், கண்ணாடியில் ஒட்ட ஸ்டிக்கர், கல்லாமேல் நிறுத்த அட்டை. கேசட்டைத் தேடி வராதவர்கூட அந்த முகத்தைத் தாண்டித்தான் கடைக்குள் நுழைய வேண்டும். 2004இல் அதே வேன் வந்தது. போஸ்டர் கேட்டேன், இல்லை. எத்தனை வேண்டும் என்றுகூட யாரும் கேட்கவில்லை. மற்ற சரக்கோடு கொஞ்சம் குறுந்தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டு வந்தவர்களுக்கு விற்றேன். கேட்டு வராதவர்களுக்கு அப்படி ஒரு ஆல்பம் வந்ததே தெரியாது. ஆதரவு இல்லை என்பதன் அர்த்தம் இதுதான். அது சத்தமில்லாமல் நடக்கும்.

ஆதரவு இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஜேனட்டின் வாழ்க்கையிலேயே சாட்சி உண்டு. 1982, 1984 ஆண்டுகளில் ஏ அண்ட் எம் நிறுவனத்துக்காக அவர் செய்த முதல் இரண்டு ஆல்பங்களும் பெரிதாகப் போகவில்லை. இன்றைய நிறுவனமாக இருந்தால் அத்தோடு கணக்கை முடித்திருக்கும். ஏ அண்ட் எம்மில் ஜான் மெக்ளெய்ன் என்ற அதிகாரி, மினியாபோலிஸ் நகரத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் என்ற இசைத் தயாரிப்பாளர்கள் இருவரோடு அவரைச் சேர்த்துவைத்தார். 1986இல் 'கன்ட்ரோல்' பிறந்தது. அது வெற்றி பெற்றதும் அதே மாதிரி இன்னொன்று கொடு, உன் குடும்பக் கதையைப் பாடு என்று நிறுவனம் கேட்டது. ஜேனட் மறுத்தார். இனவெறி, போதைப்பொருள், படிப்பறிவின்மை பற்றியெல்லாம் பாடினார். நிறுவனம் முகம் சுளித்தாலும் பணத்தை நிறுத்தவில்லை. 1989இல் வந்த அந்த 'ரிதம் நேஷன்' ஆல்பத்திலிருந்து ஏழு பாட்டுகள் அமெரிக்காவில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தன. ஒரே ஆல்பத்துக்கு அப்படி ஒரு சாதனை அதற்குமுன் கிடையாது. பாடகி சொன்ன 'முடியாது'வையும் தாங்கிக்கொண்டு கூட நின்றார்களே, அதைத்தான் நான் ஆதரவு என்பேன்.

ஆகவே நான் உங்கள் பக்கம்தான், தம்பி. ஆனால் நிறுவனம் என்று, 'டமிட்டா ஜோ'வை வெளியிட்ட வெர்ஜினை மட்டும் சுட்டாதீர்கள். முதலில் சாத்தப்பட்டது ஒலிபரப்பின் கதவு. அதைத் தட்டித் திறக்கும் தெம்பு நிறுவனத்துக்கு இல்லாமல் போனது அதற்கு அடுத்தது. நண்பரை இன்று இரவே 'டமிட்டா ஜோ'வில் உள்ள 'ஐ வாண்ட் யூ'வைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்ட பிறகு வாதிடட்டும்.

கேள்வி: 2008இல் வந்த 'டிசிப்ளின்' பில்போர்டில் முதலிடம் பிடித்தது. முதலிடம் பிடித்தவரை எப்படிக் கைவிடப்பட்டவர் என்கிறீர்கள்? கணக்கு இடிக்கிறதே.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோலகங்சார்

பதில்: ஐயா, நல்ல கேள்வி. ஆல்பத்தின் முதல் வார விற்பனை ஏற்கெனவே காத்திருந்தவர்களின் எண்ணிக்கை. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காருவது உறவுக்காரர்கள். அழைப்பு ஊர் முழுக்கப் போனதா என்பது அடுத்தடுத்த பந்திகளில்தான் தெரியும். 'டிசிப்ளின்' முதல் பந்தி நிறைந்தது. அதிலிருந்து முதலில் விட்ட 'ஃபீட்பேக்' பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 19ஆம் இடத்தோடு நின்றது. பாட்டு வானொலியில் தொடர்ந்து ஒலித்தால்தான், ஜேனட்டை அறியாத பதினாறு வயதுப் பிள்ளை அவரிடம் வந்து சேரும். அந்த வேலை நடக்கவில்லை. பிப்ரவரியில் ஆல்பம் வந்தது, செப்டம்பரில் அதை வெளியிட்ட ஐலண்ட் நிறுவனத்தை விட்டு அவரே விலகிவிட்டார். நீண்ட நாள் நிலைக்காத உறவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது ரசிகர்கள் சிலருக்குப் பிடிக்காது. 'கன்ட்ரோல்' தொடங்கி அதுவரை வந்த எல்லா ஆல்பங்களிலும் கூட இருந்த ஜாம், லூயிஸ் இருவரும் 'டிசிப்ளின்' ஆல்பத்தில் இல்லை. ஜேனட் பெரிய குரல் கொண்டவர் அல்லர். காதருகே வந்து பேசுகிற குரல் அது. அந்தக் குரலை அடுக்கடுக்காகப் பதிவு செய்து, தாளத்துக்குள் எங்கே ஒளித்து எங்கே வெளியே விட வேண்டும் என்பது அந்த இருவருக்குத் தெரியும். அவர்கள் இல்லாத குறையை எந்த விளம்பரமும் ஈடு செய்திருக்காது. 2015இல் ரிதம் நேஷன் என்று சொந்த நிறுவனமே தொடங்கி, பிஎம்ஜியின் துணையோடு, அதே இருவரைக் கூட வைத்துக்கொண்டு 'அன்பிரேக்கபிள்' கொடுத்தார். அதுவும் முதலிடம். எண்பதுகளிலிருந்து கணக்கெடுத்தால் நான்கு பத்தாண்டுகளிலும் முதலிடம் தொட்ட ஆல்பம் அவருக்கு உண்டு.

கேள்வி: மைக்கேலின் தங்கை என்பதால் வந்த பேர்தானே இவருக்கு? 1996இல் மைக்கேல் மெர்டேக்கா அரங்கத்துக்கு வந்தபோது நான் நேரில் போய்ப் பார்த்தவன். அவருக்கு முன்னால் இவர் எம்மாத்திரம்?
– ஈப்போ வாசகர்

பதில்: அந்த நிகழ்ச்சியை நேரில் பார்த்த உங்கள்மேல் எனக்குப் பொறாமைதான். ஆனால் குடும்பப் பெயர் போதும் என்றால் முதல் இரண்டு ஆல்பங்களே ஓடியிருக்க வேண்டும். அப்போதும் அவர் ஜாக்சன்தானே? பேர் வந்தது, தந்தையின் நிர்வாகத்திலிருந்து விலகி, பத்தொன்பது வயதில் 'கன்ட்ரோல்' வெளியிட்ட பிறகுதான்.

எங்கள் ஊருக்குள் ஜேனட் எப்படி வந்தார் என்பதையும் சொல்கிறேன். சம்பள நாளில் தோட்டங்களிலிருந்து வந்து இறங்கும் பெண் பிள்ளைகள் மைக்கேலை வாங்க வரமாட்டார்கள். அது அண்ணன்மார் வீட்டுக்கு வாங்கி வரும் கேசட். இவர்கள் கேட்டது ஜேனட். அசல் கேசட்டின் விலை, ரப்பர் மரம் சீவுகிறவரின் ஒரு நாள் சம்பளத்தை ஏறக்குறைய தொட்டது. அதனால் இருவர் மூவர் காசு சேர்த்து ஒன்று வாங்குவார்கள். விரல் இடுக்கில் கித்தாப் பால் (ரப்பர் பால்) கறுப்பாக ஒட்டியிருக்கும். உறையில் படக்கூடாது என்று கேசட்டை ஓரத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். ஓர் ஆண்டுத் தோட்டத்துத் திருவிழா மேடையில் ஐந்தாறு பிள்ளைகள் கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, பள்ளி அணிவகுப்பின் கையுறை எல்லாம் போட்டு 'ரிதம் நேஷன்' ஆடினார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் திகைத்துப் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஜேனட் யாருடைய தங்கையும் அல்லர்.

கேள்வி: வெளிநாட்டுப் பாடகிக்கு இவ்வளவு பக்கமா? நம் நாட்டுத் தமிழர்களை எந்த நிறுவனம் ஆதரித்தது?
– சுங்கை சிப்புட் வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயம். அதனால்தான் அல்லிகேட்ஸ் என்ற இசைக்குழுவின் பெயரைச் சொல்கிறேன். பினாங்கைச் சேர்ந்த சகோதரர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம். நாடு முழுக்க வீட்டுக்கு வீடு ஒலித்த மலாய்ப் பாட்டுகள் அவர்களுடையவை. எம். நாசிர் போன்றவர்களின் மெட்டும் அவர்களின் குரலும் சேர்ந்த இடம் அது. ஜேனட்டுக்கு ஜாம், லூயிஸ் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2007இல் லோகநாதன் காலமான பிறகும் டேவிட் மேடையை விடவில்லை. ஆறுமுகம் என்ற பெயரை மாற்றாமல், மலாய்ப் பாட்டின் உச்சியில் நின்றவர்கள் அவர்கள். நம் தமிழ்ப் பாடகர்களைப் பற்றி அடுத்த இதழில் தனியாகவே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தோடுதான் தொடங்கும்.

கேள்வி: இனி புது ஆல்பம் வருமா?
– பீடோர் வாசகர்

பதில்: 'அன்பிரேக்கபிள்' வந்த பிறகு முழு ஆல்பம் எதுவும் இல்லை. 2018இல் டாடி யாங்கியோடு ஒரு பாட்டு, 2019இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் இடம், 2023இல் 'டுகெதர் அகெய்ன்' சுற்றுப்பயணம். வந்தால் வாங்குவேன்.

கேள்வி: அக்கா, அம்மா வைத்திருந்த 'ரிதம் நேஷன்' அசல் கேசட் அலமாரியில் கிடைத்தது. நாடா ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. போட்டுக் கேட்கலாமா?
– சுங்கை சிப்புட், கல்லூரி மாணவி

பதில்: மகளே, இப்போதே போட்டுக் கேட்காதே, முதலில் சுத்தம் செய். பூஞ்சையோடு போட்டால் அது பிளேயரின் தலைப்பகுதியில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டையும் கெடுக்கும். கேசட்டைத் திருப்பிப் பார். நான்கு மூலையிலும் நடுவிலும் திருகாணி இருந்தால் உனக்கு அதிர்ஷ்டம். ஒட்டிய கூடாக இருந்தால் நீயாகப் பிளக்காதே, நாடா நசுங்கும். திருகாணி உள்ளதென்றால் படுக்கவைத்துத் திற, நாடா போகும் பாதையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள், இரண்டு சுருளையும் ஒன்றாகத் தூக்கிச் சுத்தமான வேறு கூட்டில் வை. முன்பக்கம் செம்புத் தகட்டின்மேல் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். பழைய கேசட்டில் அது உதிர்ந்திருக்கும், உதிர்ந்தால் சத்தம் மங்கும். அதையும் மற்றக் கூட்டிலிருந்தே எடுத்துக்கொள். பிறகு உலர்ந்த மென்துணியை நாடாவின்மேல் லேசாகத் தொடவிட்டு, பென்சிலால் கடைசிவரை மெதுவாகச் சுற்று. முகமூடி போட்டுக்கொள், வீட்டுக்கு வெளியே செய். முதல் தடவை ஓட்டுவதற்கு விலை குறைந்த பழைய பிளேயரையே பயன்படுத்து. ஓடி முடிந்ததும் அதன் தலைப்பகுதியை மருந்துக்கடை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடு. தெரியாத இடம் வந்தால் கேசட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து இந்தப் பகுதிக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.